சுவரில் ஒருமுறை தட்டினால்

நோர்வேயின் பேர்கன் நகரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நமக்குக் கேட்காது. வந்த முதல் வாரமே இதைக் கவனித்து நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்வார் என்று ஒருவர் தனியாக இருக்கிறார் என்பதைக்கூடக் கதவில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் வீட்டில் இருக்கிறாரா, வெளியே போய்விட்டாரா என்பதை வாசலில் கிடக்கும் மழைச் சப்பாத்துகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவர் என்ன சமைக்கிறார், யாருடன் கோபம், இரவு நன்றாகத் தூங்கினாரா, ஒன்றும் தெரியாது. ஒரு மனிதரைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு இவ்வளவு பக்கத்தில் வாழ முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். லயத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரே நீளக் கட்டடம், வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அதோடு நின்றுவிடும். அதற்கு மேலே, சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையில் இருக்கும் வெளி எல்லா வீட்டுக்கும் பொது. அதன் வழியாகப் புகை போகும், கருவாட்டு வாசம் போகும், மாமியார் மருமகள் சண்டை போகும். ஒரு வீட்டில் கேட்ட கேள்விக்கு மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும். இதை யாரும் ஒட்டுக் கேட்பது என்று சொல்ல மாட்டார்கள். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த வெளி வழியாகத்தான் மாரியாயி அக்கா என் கதைகளுக்குள் வந்தார். எங்கள் வலது பக்கத்து வீடு அவருடையது. கொழுந்து எடுப்பவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அப்போது நான் அட்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். மாலையில் பஸ்ஸில் திரும்பி வந்து, முகம் கழுவி, எழுதியதைச் சத்தமாகப் படிப்பேன். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். அதற்காகத்தான் படித்தேனே தவிர யாரும் கேட்பதற்காக இல்லை. ஒரு நாள், “உன்னைப் பிரிந்து வாழ என்னால் இயலாது என்று அவன் தழுதழுத்த குரலில் கூறினான்” என்று படித்து முடிப்பதற்குள் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

“எந்த ஊர்ல தம்பி இப்படிப் பேசுறானுங்க? கங்காணி மகனா இருந்தாலும் பேச மாட்டானே!”

“அது கதைக்கா.”

“கதையா இருந்தா? வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டா பேசுவான்? ‘நீ போயிட்டா நா என்னா செய்யிறது’ன்னு கேப்பான். அவ்வளவுதான்.”

எனக்குக் கோபம் வந்தது. சாப்பிட்டுவிட்டு அந்த வரியை மாற்றி எழுதினேன்.

அன்று தொடங்கியது. மழைக் காலத்தில் தகரத்தில் விழும் சத்தத்துக்குக் குரல் எடுபடாது என்பதால் அக்கா அகப்பைக் காம்பால் சுவரில் தட்ட ஆரம்பித்தார். ஒருமுறை தட்டினால், கேட்கவில்லை, மறுபடி படி. இரண்டு முறை தட்டினால், பொய், அதை வெட்டு. வேறு சைகை எதுவும் இருக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்கு எந்தத் தட்டும் இல்லை. சும்மா இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என்னுடைய ஒரே சிறுகதைத் தொகுப்பில் இருக்கும் கதைகள் எல்லாம் அந்த இரண்டு தட்டுக்குத் தப்பி வந்தவை.

கடைசியாகப் படித்த கதை வசந்தி என்ற பெண்ணைப் பற்றியது. கொழும்புக்கு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்து, விடியும் முன்பே பையோடு வந்து தோட்டத்துச் சந்தியில் நானுஓயா பஸ்ஸுக்காக நிற்கிறாள். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஒலி எழுப்பும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தேன், அவ்வளவுதான் படித்தேன். “ஏறுனாளா?” என்று சுவருக்கு மேலிருந்து கேள்வி வந்தது. “இன்னும் எழுதலக்கா” என்றேன். அதே மாதத்தில் என் மனைவி சாந்திக்கு இங்கே ஆஸ்பத்திரியில் தாதி வேலை உறுதியாகி, விசாவும் வந்தது. வசந்தியைச் சந்தியில் நிறுத்திவிட்டு நாங்கள் விமானம் ஏறினோம்.

பேர்கனிலும் மலைகள் இருக்கின்றன, பனிமூட்டம் இருக்கிறது. மழையோ எங்கள் ஊரை மிஞ்சும். ஆரம்பத்தில் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் ‘மழை’ என்று எழுதி அலுத்துப்போய், பிறகு மழை பெய்யாத நாளை மட்டும் குறிப்பது என்று மாற்றிக்கொண்டேன். எனக்கு ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் இடத்தில் வேலை. விரிப்புகளை மூலைக்கு மூலை பொருத்தி மடிப்பது எனக்குப் பிடித்த வேலைதான். நாட்குறிப்பும் ஒரு நாள் தவறாமல் நடந்தது. கதை மட்டும் வரவில்லை. மேசை இருந்தது, நேரம் இருந்தது, சொந்த ஊரில் கனவு கண்ட அமைதி வீடு நிறைய இருந்தது. உட்கார்ந்தால் முதல் பந்திக்கு மேல் போகாது. எழுதுவதற்கு உந்துதல் எங்கிருந்து கிடைக்கும் என்று தேடி, அதிகாலையில் எழுந்து பார்த்தேன், மலைப் பாதையில் நடந்து பார்த்தேன், மெழுகுதிரிகூட ஏற்றிப் பார்த்தேன். “கதை வருதோ இல்லையோ, மெழுகுவாசம் வருது” என்றாள் சாந்தி.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒருமுறை பழைய கதை ஒன்றைப் படித்தேன். அன்பாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லாயிருந்தது. நீங்கள் இந்தியாவோ?” என்றார். இல்லை, நுவரெலியா மாவட்டம் என்றேன். “அப்பிடியோ, நாங்கள் அந்தப் பக்கம் போனது இல்லை” என்று சொல்லி வடை எடுத்துக் கொடுத்தார். வடை நன்றாக இருந்தது.

இப்படி ஏழு வருடம் போன பிறகு, அட்டனில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் அடுத்த இதழுக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்டார். புதிதாக எதுவும் இல்லாததால் வசந்தியை வெளியே எடுத்தேன். சாந்தி மாலை வேலைக்குப் போயிருந்தாள். பழைய பழக்கத்தில் எழுந்து நின்று, சுவரைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினேன். தகரத்து மழையோடு போட்டி போட்டுப் பழகிய குரல் என்னுடையது. இரண்டாவது பக்கத்தில் சுவரில் ஒரு தட்டு விழுந்தது.

நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பந்தியை மறுபடி, இன்னும் சத்தமாகப் படித்தேன்.

மீண்டும் ஒரு தட்டு. சரி, கேட்கவில்லை போலிருக்கிறது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் முறை படித்தேன். படித்து முடித்ததும் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓட்வார். நரைத்த தாடி, கம்பளிக் காலுறை. அந்த மணிச் சத்தத்தில்தான் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா, இல்லை இது பிரார்த்தனையா என்று அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். “நோவெல்லெ” என்றேன், சிறுகதை என்பதற்கு இங்கே அதுதான் சொல். அவர் என் தோளுக்கு மேலாக அறையை எட்டிப் பார்த்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன.

“ஃபோர் வெம்?” என்றார். யாருக்காக?

ஏழு வருடமாக நான் என்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி. மாரியாயி அக்காவைப் பற்றி, கூரை எட்டாத சுவரைப் பற்றியெல்லாம் சொல்லும் அளவுக்கு என் நோர்வேஜிய மொழி அப்போது வளர்ந்திருக்கவில்லை. சுவரைக் காட்டி, “பக்கத்து வீட்டுக்காரருக்கு” என்றேன். ஓட்வார் சுவரைப் பார்த்தார், பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்தார். அவர் முகம் காதுவரை சிவந்தது. நன்றி என்று சொல்லி, என் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். திருத்திச் சொல்லக் கதவைத் திறந்தபடியே நின்றேன்; அதற்கான சொற்கள் வருவதற்குள் அவருடைய கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகு மாடிப்படியில் எப்போது பார்த்தாலும், “என் கதை எப்படிப் போகிறது?” என்று விசாரிப்பார். வசந்தியின் நிலைமையை எனக்குத் தெரிந்த சொற்களில் சொல்லிவைத்தேன். இளம் பெண், பை, பஸ். படகுச் சேவையில் நாற்பது வருடம் கயிறு கட்டிய மனிதர் அவர். “பஸ்ஸில் ஏறினாளா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் ஏதோ ரகசியம் காக்கிறேன் என்று நினைத்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கதை முடியாமலே, என் கூடப்பிறந்த அக்காவின் மகள் கல்யாணத்துக்காக இந்த வருடம் ஊருக்குப் போனோம். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, வான் பிடித்து அக்கரப்பத்தனை போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு முடிந்திருந்தது. கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

“இவருதான்டி, வசந்திய எழுதுனவரு.”

எனக்கு அப்பளம் கையிலேயே நின்றுவிட்டது. அச்சாகாத கதை அது.

“ஏங்கண்ணே,” என்றாள் மற்றவள், நேரே என்னைப் பார்த்து, “அவ்வளவு நல்ல புள்ளைய போயும் போயும் அந்த லொறிக்காரனுக்கா கட்டி வச்சீங்க?”

“எந்த லொறிக்காரன்?”

“பாரேன், ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்குறாரு! ராகலைக்காரன். மரக்கறி லொறி ஓட்டுறான்ல?”

பாயசம் வருவதற்குள் முழு விவரமும் தெரிந்துவிட்டது. நான் போன பிறகு மாரியாயி அக்கா மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது வசந்தியின் கதையைச் சொல்லியிருக்கிறார். நான் விட்ட இடம் வந்ததும் நிறுத்த முடியவில்லை, பெண்கள் விடவில்லை. எனவே பஸ்ஸை வரவழைத்து, வசந்தியை ஏற்றி, அடுத்த வளைவிலேயே பஸ்ஸைப் பழுதாக்கி, அவளைத் திரும்பி நடக்க வைத்திருக்கிறார். மறுநாள் மறுபடி பஸ். அது மண்சரிவில் மாட்டியது. அப்படியே வருடக்கணக்கில் போய், வழியில் ஏற்றிக்கொண்ட லொறிக்காரனோடு கல்யாணமாகி, இப்போது இரண்டு பிள்ளைகள். காலை நிறுவைக்கும் மதிய நிறுவைக்கும் இடையில் தினம் ஒரு துண்டு. கொழுந்தை நிறுக்கும் நேரம் வந்ததும் சரியாக முக்கியமான கட்டத்தில் நிறுத்திவிடுவாராம்.

அன்று என் நாட்குறிப்பில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. மீதிப் பக்கம் முழுக்க லொறிக்காரனைப் பற்றி. என் வசந்தி அவனைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்பதற்கான காரணங்கள். அதை எழுதி முடித்தபோதுதான் கை வலித்தது. அவ்வளவு வேகமாக நான் ஏழு வருடமாக எழுதவில்லை. ஊக்கம் வெளிச்சம் மாதிரி வரும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு அது பொறாமையாக வந்தது.

மறுநாள் கதைத் தாள்களை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அவர்கள் இப்போது லயத்தில் இல்லை. மேட்டில் புதிதாகக் கட்டிக் கொடுத்த தனி வீடு. சுவர்கள் ஒழுங்காகக் கூரை வரைக்கும் போகின்றன. அக்கா நன்றாகக் கூன் போட்டிருந்தார். கதவைத் திறந்ததும் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார்.

“வாங்க தம்பி, உக்காருங்க. சாந்தி வரலீங்களா? ஃபேன் போடவா?”

மலைக் குளிரில் ஃபேன். என்னை நீ என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷி. என் சண்டையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. லொறிக்காரன் பேச்சை எடுத்தேன். “என்னமோங்க, நாங்க படிக்காதவங்க, வாய்க்கு வந்தத சொல்றது” என்று தரையைப் பார்த்தார். கதைக்கு ஒரு முடிவை அன்று காலைதான் அவசரமாக எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துக்காட்டவா என்றேன். எதிரே கைகட்டி உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு பந்திக்கும், “நல்லாருக்குங்க தம்பி” என்றார். இதைவிட என்னைத் திட்டியிருக்கலாம். வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்து படிக்கிறான், அவனை மரியாதையாகக் கேட்டு அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம் மாரியாயி அக்காவை எங்கே தேடுவது?

“இருங்க, தேத்தண்ணி போட்டாறேன்” என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். இடையில் ஒரு சுவர். நான் நிறுத்தவில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்க மனமில்லாமல் தொடர்ந்து படித்தேன். பஸ் வந்து நிற்கிறது, வசந்தி ஏறுகிறாள், ஜன்னலோரம் உட்கார்ந்து, விலகிப் போகும் மலைகளைப் பார்த்துக் கண் கலங்குகிறாள்.

சுவரில் டொக், டொக் என்று இரண்டு தட்டு.

“பொய்யி! காலைல மொத பஸ்ஸுல எவளுக்கு ஜன்னல் கெடைக்குது? நிக்கவே எடமில்ல. நீ வெளிநாட்டு பஸ்ஸ நெனச்சிக்கிட்டு எழுதுறியா?”

நீ! நான் எழுந்தே விட்டேன்.

“அக்கா, நீங்க அங்கயே இருங்க. வெளிய வராதீங்க.”

“தேத்தண்ணி ஆறிப் போயிரும்.”

“போகட்டும். அந்த லொறிக்காரன மொதல்ல எடுங்க.”

“அவன் நல்ல பையன் தம்பி.”

“நல்லவனா இருந்துட்டுப் போகட்டும். அவன் என் கதையில இல்ல.”

“எடுத்துட்டா அந்த ரெண்டு புள்ளைக்கு அப்பன் யாரு? நீ பதில் சொல்லுவியா?” அடுப்படியில் பாத்திரம் சத்தமாக இறங்கியது. “பாதியில நிப்பாட்டிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. நாங்க என்னா செய்யிறது? வாயச் சும்மா வச்சிக்கிட்டா கொழுந்து எடுக்கிறது?”

“ஒவ்வொரு தடவையும் பஸ்ஸு பழுதாகுறது மட்டும் உண்மையா?”

“நம்ம ரோட்டுல பஸ்ஸு பழுதாகாமப் போறதுதான் கட்டுக்கதை!”

“அது சரிக்கா. ஆனா போகணும்னு நெனச்சவ ஒருநாள் போயித்தானே தீருவா? எத்தன தடவ நீங்க அவளத் திருப்பிக் கூட்டியாருவீங்க?”

அடுப்படியில் சத்தம் நின்றது. வேறு குரலில், “அவ போயிட்டா அப்புறம் என்னத்தச் சொல்றது?” என்றார் அக்கா.

அன்று ஆறிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முடித்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் மறுபடியும், “போயிட்டு வாங்க தம்பி” என்றார்.

பேர்கனுக்குத் திரும்பிய பிறகு ஒரு வாரத்தில் கதை முடிந்தது. மெழுகுதிரி தேவைப்படவில்லை. வசந்தி பஸ்ஸில் ஏறுகிறாள். உட்கார இடமில்லை. அவள் நிற்கும் இடத்திலிருந்து மலையும் தெரியவில்லை, முன்னால் போகும் பாதையும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்திருக்கும் கைகள்தான் தெரிகின்றன. யாருடைய கூடையோ முழங்காலில் இடிக்கிறது. பஸ் பழுதாகாமல் போய்க்கொண்டே இருக்கிறது. லொறிக்காரனை முழுக்கத் துரத்த மனம் வரவில்லை. எதிரே வரும் மரக்கறி லொறி ஒன்று பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிறது. அதன் ஓட்டுநர் கையைக் காட்டுகிறான். யாருக்கு என்று வசந்திக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவனுக்குக் கொடுத்தேன்.

ஒரு மாலை, சாந்தி வேலைக்குப் போன பிறகு, தொலைபேசியை மேசையில் பதிவுக்கு வைத்துவிட்டு, பழையபடி சுவரைப் பார்த்து நின்று கதையை முழுதாகப் படித்தேன். எந்த இடங்களில் எல்லாம் அக்கா தட்டுவார் என்று தோன்றியதோ அங்கெல்லாம் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். கடைசி வரி முடிந்தது. பிறகு ஓட்வார் வீட்டுப் பக்கமிருந்து சுவரில் ஒரு தட்டு. சத்தத்தைக் குறை என்கிறாரா, அவருக்கான கதை அவருக்குக் கிடைத்துவிட்டது என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் கூச்சமாக இருந்தது. பதிவை அப்படியே அக்காவின் மருமகளுடைய தொலைபேசிக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது பதில் வந்திருந்தது. பின்னணியில் காற்றும் பெண்களின் பேச்சும் கேட்டன, மலையிலிருந்து பேசியிருக்கிறார்கள். அக்காவின் குரல் தொலைபேசியை நம்பாமல் கத்தியது.

“தம்பி, கேட்டோம். எல்லாரும் உக்காந்து கேட்டோம். நீ லொறிக்காரன ரோட்டுல நிப்பாட்டிட்டன்னு இங்க ரெண்டு பேருக்குக் கோவம். அது கெடக்கட்டும். கடைசில யாரோ செவுத்துல தட்டுறாங்களே, அது யாரு? அந்தப் பக்கத்து வீட்டுல ஆளு இருக்கா? ஒரு தட்டுதானே தட்டுறாங்க. அப்ப என்னா பேசாம நிக்கிற? மறுபடி படி.”

ஓட்வாரின் வாசலில் மழைச் சப்பாத்துகள் இருந்தன. தொலைபேசியை மேசையில் பதிவுக்கு வைத்தேன். இடது பக்கம் அது, வலது பக்கம் சுவர், நடுவில் நான். வசந்தி விடியும் முன்பு சந்திக்கு வருவதிலிருந்து தொடங்கி, தகரத்து மழைக்குப் படிப்பது போலச் சத்தமாக மறுபடி படித்தேன்.

கடைசி வரி வரைக்கும் சுவரிலிருந்து இரண்டு தட்டு வரவில்லை.